ஸ்காட்லாந்து போனா ஒரே ஊர்ல தங்குங்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம் சார். ஞாயிறு இணைப்புல வந்த ஸ்காட்லாந்து சுற்றுலா கட்டுரையப் படிச்சிட்டுத்தான் இதை டைப் பண்றேன். எடின்பரோ கோட்டை, லாக் நெஸ் படகு சவாரி, ஸ்கை தீவுன்னு அஞ்சு நாளைக்கு ஒரு லிஸ்ட் போட்டுட்டு, கடைசில போற போக்குல கிராமத்து கெஸ்ட் ஹவுஸ்ல தங்கினா தூங்கி எந்திரிக்கறத தவிர வேற வேலை இருக்காதுன்னு ஒரு வரி. அந்த ஒரு வரிக்குத்தான் சார் இவ்வளவு பெரிய லெட்டர்.

என் பொண்ணு கிளாஸ்கோல இருக்கா. அதனால அந்தப் பக்கம் போறப்பல்லாம் நாங்க பெர்த்ஷயர்ல அபர்ஃபெல்டிங்கற சின்ன ஊர்ல தங்குவோம். டேங்கற ஆத்தோட கரையில இருக்கற ஊர். எடின்பரோல இருந்து கார்ல ரெண்டு மணி நேரம் கூட ஆகாது. ஆத்து மேல 1730கள்ல ஜெனரல் வேட் கட்டின கல் பாலம், அதுல இன்னைக்கும் வண்டி போயிட்டு வந்துட்டுதான் இருக்கு. கடைத்தெரு அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும். அதப் பாத்துட்டுதான் "இங்க என்ன இருக்கு"ன்னு நம்ம ஆளுங்க வண்டிய எடுத்துடறாங்க போல.

ஊருக்குள்ள இருந்தே நடக்க ஆரம்பிக்கற மாதிரி பர்க்ஸ்னு ஒரு காட்டுப் பாதை இருக்கு, பர்ச் மரமும் பீச் மரமுமா, ஒரு பக்கம் ஓடை கீழ பள்ளத்துல சத்தம் போட்டுட்டே வரும், ஏறிப் போனா மோனெஸ் அருவி, அருவிக்கு மேலயே குறுக்க ஒரு பாலம், அதத் தாண்டி அந்தப் பக்கமா இறங்கி வந்தா மறுபடி ஊர். எங்க வீட்டுக்காரருக்கு முட்டி வலி, அவரே உக்காந்து உக்காந்து ஏறிட்டார்னா பாத்துக்கோங்க. பாதை ஈரமா இருக்கும், செருப்பு போட்டுட்டுப் போனா வழுக்கும், அதான்.

அப்புறம் பக்கத்துல இருக்கற ஷிஹாலியன் மலை. 1,083 மீட்டர். மூவாயிரம் அடிக்கு மேல உள்ள மலைய அங்க மன்ரோன்னு சொல்றாங்க, மொத்தம் 282 இருக்கு, அதுல இது ஒண்ணு. ஆனா இந்த மலையோட கதையே வேற. 1774ல நெவில் மாஸ்கலின்னு ஒரு வானியல் அறிஞர் இங்க வந்து மாசக்கணக்கா மழையிலயும் மேகத்துலயும் குந்திட்டு இருந்தார். எதுக்குன்னா பூமிய எடை போட! மலையோட பாரம், கொத்தனார் சுவர் நேரா இருக்கான்னு பாக்கற தூக்குநூல் குண்ட தன் பக்கமா துளியூண்டு இழுக்கும், மலைக்கு வடக்க ஒரு தடவ தெற்க ஒரு தடவ நட்சத்திரங்கள வச்சு அந்தச் சாய்வ அளந்தா மலைய விட பூமி எத்தனை மடங்கு கனம்னு கணக்கு போடலாம், இதான் ஐடியா. தனியா நிக்குது, ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சரிவு, அதனால இந்த மலையத் தேர்ந்தெடுத்தாங்க. பூமியோட சராசரி அடர்த்தி தண்ணிய மாதிரி நாலரை மடங்குன்னு வந்துச்சு, இப்ப நமக்குத் தெரிஞ்சது அஞ்சரை. அந்தக் காலத்து சாமான வச்சு இவ்வளவு கிட்ட வந்ததே பெருசு. மலையோட கன அளவ கணக்கு போட்ட சார்லஸ் ஹட்டன், ஒரே உயரத்துல இருக்கற புள்ளிகள எல்லாம் கோடு போட்டு இணைச்சார், நம்ம பிள்ளைங்க ஜியாகரபி புக்ல வர்ற சம உயரக் கோட்ட முதல்ல பயன்படுத்தினவங்கள்ல அவரும் ஒருத்தர். நம்ம பரங்கிமலைல 1802ல லாம்டன்ங்கற வெள்ளைக்கார அதிகாரி ஆரம்பிச்சு வச்ச நில அளவை வடக்க இமயமலை கிட்ட போனப்ப கணக்கு இடிச்சதுக்கும் இதே தூக்குநூல் சங்கதிதான் காரணம். இதெல்லாம் ஒரு பாரா போட்டிருந்தா அந்தக் கட்டுரை எப்படி இருந்திருக்கும் சார்!

ஏறறதுக்கு பாதி தூரம் நல்ல கல் பாதை போட்டிருக்காங்க. மேல போகப் போக வெறும் பாறாங்கல் குவியல், இதான் உச்சின்னு நினைச்சா பின்னால இன்னொரு மேடு. போக வர அஞ்சாறு மணி நேரம் வச்சுக்கணும். மேகம் இறங்கிட்டா வழி தெரியாது, அன்னைக்கு வெதர் பாத்துட்டுதான் கிளம்பணும், செல்போன் டவரையும் நம்பாதீங்க.

மலை ஏற முடியாதவங்க ஃபார்டிங்கால்ங்கற பக்கத்து கிராமத்துக்குப் போகலாம். சர்ச் முற்றத்துல யூங்கற ஊசியிலை மரம் ஒண்ணு, வயசு ரெண்டாயிரம் மூவாயிரம் வருஷம் இருக்கும்ங்கறாங்க, அஞ்சாயிரம்னு சொல்றவங்களும் உண்டு. 1769ல அளந்தப்ப அம்பது அடிக்கு மேல சுற்றளவாம். வந்தவன் போனவன்லாம் ஞாபகார்த்தம்னு வெட்டி வெட்டி எடுத்துட்டுப் போயி நடுவுல பிளந்தே போச்சு, அந்தப் பிளவு வழியா சவ ஊர்வலமே போயிருக்கு. இப்ப சுத்தி சுவர் கட்டி கம்பி போட்டிருக்காங்க. பழைய அடிமரம் எது வரைக்கும் இருந்துச்சுன்னு தரையில குத்தி வச்சிருக்கற முளைங்கள வச்சுத்தான் தெரிஞ்சுக்கணும். இது ஆண் மரம், ஆனா 2015ல ஒரு கிளையில மட்டும் சிவப்பா பழம் பழுத்துச்சு, அதாவது அந்தக் கிளை மட்டும் பெண்ணா மாறிடுச்சு! கோயில் ஸ்தல விருட்சம் பாத்துப் பழகின நம்மாளுங்க நின்னு பாக்காம வர மாட்டாங்க.

கிட்டயே லாக் டே ஏரி. ரெண்டாயிரத்து ஐநூறு வருஷம் முன்னாடி தண்ணிக்குள்ள மரக்கால் நட்டு அது மேல வீடு கட்டி இருந்திருக்காங்க, கிரானாக்னு பேர். ஏரிக்கு அடியில தோண்டினப்ப வெண்ணெய் ஒட்டின மரப் பாத்திரமே கிடைச்சிருக்கு. மாதிரிக்கு கட்டி வச்சிருந்த வீடு 2021ல தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு, எதிர்க் கரையில புது மியூசியம் 2024ல திறந்துட்டாங்க. கென்மோர்ல படகு, கயாக் வாடகைக்குக் கிடைக்கும், கிராண்ட்லில பசங்க ராஃப்டிங் போறாங்க, நான் கரையில நின்னு பாத்ததோட சரி. பிட்லாக்ரி அணையில சால்மன் மீன் மேல ஏறிப் போக 34 தொட்டி வச்சு படி கட்டியிருக்காங்க, அதையும் விட்டுடாதீங்க. சாயங்காலமா ஆத்தோரம் நடந்தா பென்சில் சீவின மாதிரி கடிச்சு வச்ச மரங்கள் தெரியும், எல்லாம் பீவர்ங்கற ஆத்தோர விலங்கோட வேலை. 2019ல இருந்து ஸ்காட்லாந்துல அதுக்கு சட்டப் பாதுகாப்பு உண்டு. ஜூன்ல பத்து மணிக்குத்தான் சூரியன் மறையுது, அதனால ராத்திரி சாப்பாடு முடிச்சிட்டே போகலாம்.

இன்னொண்ணு, அங்க யார் நிலத்துலயும் நடந்து போக உரிமை இருக்கு, 2003 சட்டம். வீட்டுத் தோட்டம், பயிர் போட்ட வயல் இதெல்லாம் தவிர. கேட்ட திறந்தா திரும்ப மூடணும், ஆடு குட்டி போடற சீசன்ல மந்தை கிட்ட போகக் கூடாது, அவ்வளவுதான் கண்டிஷன். நம்ம ஊர் மாதிரி இடது பக்கம்தான் வண்டி, நம்ம லைசென்ஸே செல்லும், ஆனா ரோடு ஒத்தை வண்டி அகலம்தான், எதிர்ல வந்தா ஒதுங்க அங்கங்க இடம் விட்டிருப்பாங்க, தயவு செஞ்சு அதுல வண்டிய நிறுத்திட்டு செல்ஃபி எடுக்காதீங்க, உள்ளூர்க்காரங்களுக்கு பயங்கரக் கடுப்பு.

கெஸ்ட் ஹவுஸ் பத்தி சொல்லணும்ல. காலைல தட்டு நிறைய வைப்பாங்க. சைவம்னா முன்னாடியே சொல்லிடணும், இல்லன்னா பிளாக் புடிங் வரும், பேர் பாத்து ஸ்வீட்னு ஏமாறாதீங்க, அது நம்ம ரத்தப் பொரியல் வகையறா. கஞ்சி மாதிரி போரிட்ஜ் எல்லாருக்கும் ஒத்துக்கும். நனைஞ்ச ஷூ, கோட்டு காயப் போட தனி ரூம் இருக்கான்னு கேட்டுட்டு புக் பண்ணுங்க, தினம் தேவைப்படும். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மிட்ஜ்னு கண்ணுக்கே தெரியாத பூச்சி, காத்து இல்லாத சாயங்காலத்துல மொய்க்கும், தலைக்கு வலை வாங்கிக்கணும். புல்லுக்குள்ள நடந்தா பேன்ட்ட சாக்ஸுக்குள்ள விட்டுக்கோங்க, உண்ணி இருக்கு.

எங்க சித்தப்பா பையன் குடும்பம் ஒரு டூர் கம்பெனில பணம் கட்டிப் போயிட்டு வந்தாங்க. பஸ்ஸ விட்டு இறங்கின நேரத்த விட உள்ள உக்காந்திருந்த நேரம்தான் ஜாஸ்தின்னு புலம்பறாங்க. உங்க கட்டுரை சொல்ற ரூட்டும் அச்சு அசல் அதேதான். அடுத்த தடவ எழுதறவரை இந்த மாதிரி ஒரு ஊர்ல நாலு ராத்திரியாச்சும் தங்க வச்சு எழுதச் சொல்லுங்க சார். அப்படியே கார் ஓட்டாதவங்களுக்கு எந்த ஊருக்கு எத்தனை பஸ்னு ஒரு பெட்டிச் செய்தி போட்டா புண்ணியமாப் போகும், ஏன்னா கிராமத்துப் பக்கம் ஞாயித்துக்கிழமைல பஸ் ரொம்பக் கம்மி.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்ரீரங்கம்