ஹெட்டர் பொருத்த உதவியவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

1967ஆம் ஆண்டு செவர்லே கேமரோவில் 350 கன அங்குல வி8 எஞ்சினை ஏற்றி, சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்த்து வெளியேற்றும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுகளுக்குப் பதிலாக, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய் கொண்ட நீளக்குழாய் ஹெட்டர்களைப் பொருத்தும் வேலை ஒருவழியாக முடிந்தது. அதை நான் தனியாளாகச் செய்தேன் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி மூத்த மெக்கானிக் ஐயாவுக்கு உரியது. எஞ்சினை அதைத் தாங்கும் மவுண்டில் உட்கார வைத்தபின் ஹெட்டரைச் செருகிவிடலாம் என்று நான் போட்ட கணக்கு, இடப்பக்கக் குழாய் ஸ்டீயரிங் பாக்ஸில் முட்டி நின்றபோது பொய்த்துப்போனது. சுத்தியலால் குழாயைத் தட்டி வழி உண்டாக்க நான் கையை ஓங்கிய வேளையில், "குழாயை நசுக்காதே தம்பி, எஞ்சினைத் தூக்கு" என்று அவர் தடுத்தார். மவுண்ட் போல்டுகளைக் கழற்றி, எஞ்சினைச் சில அங்குலம் உயர்த்தி, ஹெட்டரைக் கீழிருந்து செலுத்தியதும் அது எதிலும் உரசாமல் தன் இடத்தில் போய் அமர்ந்தது. வலப்பக்க ஹெட்டரை மாட்டிவிட்டால் ஸ்டார்டருக்குக் கை நுழையாது என்பதையும் அவர்தான் முன்கூட்டியே எச்சரித்தார்.

ஹெட்டரை எஞ்சினோடு இணைக்கும் தகடான ஃபிளேஞ்ச் வெல்டிங் சூட்டில் வளைந்திருந்ததை நேர்கோல் வைத்துக் காட்டி, அதைச் சமமாகத் தேய்த்துக் கொடுத்த லேத் பட்டறை நண்பருக்கும் கடமைப்பட்டுள்ளேன். அப்படியே பூட்டியிருந்தால் இடையில் வைக்கும் கேஸ்கட் விரைவில் எரிந்து, எஞ்சின் டிக் டிக் என்று புகை கசியும் சத்தத்துடன்தான் ஓடியிருக்கும்.

1-8-4-3-6-5-7-2 என்று சிலிண்டர்கள் எரியும் வரிசையில், இடப்பக்கம் 5, 7 ஆகிய சிலிண்டர்களும் வலப்பக்கம் 8, 4 ஆகியவையும் அடுத்தடுத்து எரிவதால், ஒரே மேனிஃபோல்டுக்குள் அவற்றின் புகை நெரிசல்படும் என்று படம் வரைந்து விளக்கி, இந்த வேலையில் என்னை இறக்கிவிட்டவருக்கும் நன்றி. முதல் நாள் மாலை அவர்மீது எனக்குச் சற்றுக் கோபம் இருந்தது உண்மை.

பக்கத்து வீட்டுத் தம்பியின் மெலிந்த விரல்கள் இல்லாவிட்டால், ஒரு பக்கத்துக்கு 6 என்ற கணக்கில் 12 போல்டுகளையும் கையாலேயே மரையில் பிடிக்க வைத்திருக்க முடியாது. ஸ்பேனர் சிறிதளவே திரும்பும் அந்த இடுக்கில், நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சிறிது சிறிதாக இறுக்கும் பொறுமையும் அவருடையதே. பிளக் வயர்களையும் பிரேக் குழாயையும் சூட்டிலிருந்து விலக்கி அமைத்த அண்ணன், ஹெட்டருக்கு வெப்பத் தடுப்பு நாடா சுற்ற வேண்டும் என்ற என் ஆசையை, ஈரம் தங்கி இரும்பு துருப்பிடிக்கும் என்று சொல்லி நிறுத்தினார்.

முதல் ஓட்டத்தில் புதுப் பூச்சு புகைந்து அடங்கியது. எஞ்சின் ஆறியபின் போல்டுகளைச் சோதித்தோம். நான்கு சற்றுத் தளர்ந்திருந்ததால் மறுபடி இறுக்கினோம். எஞ்சினைத் தூக்க இரவல் தந்த ஹாய்ஸ்டைத் துடைத்து எண்ணெயிட்டு வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை நானே கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்.

நன்றியுடன்,
கேமரோவின் உரிமையாளர்