வெஸ்பாவுக்குக் கிளட்ச் உண்டு: ஒரு புகார்க் கடிதம்

அனுப்புநர்: மூன்று மாதமாகக் காத்திருக்கும் வாடிக்கையாளர், திண்டுக்கல்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தவறான உதிரிபாகங்கள் இரண்டு முறை அனுப்பியது, கோவைக்கு வீணாக வரவழைத்தது, மரியாதைக் குறைவாகப் பேசியது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்களுக்கு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முதல் மூன்றுக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டுள்ளது" என்று ஒரே வரிதான் பதில், அதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதனால் இந்தத் தடவை விவரமாகவே எழுதுகிறேன். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

வண்டி என் அப்பாவுடையது. எல்.எம்.எல். வெஸ்பா என்.வி., 150 சிசி, 1994-ல் வாங்கியது. வெஸ்பாவைச் செய்யும் இத்தாலிய நிறுவனமான பியாஜியோவோடு கூட்டு வைத்துக் கான்பூரில் தயாரித்த வண்டி என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "இத்தாலிய கிளாசிக் ஸ்கூட்டர்களின் நிபுணர்கள்" என்று உங்கள் தளத்தின் நெற்றியிலேயே எழுதி வைத்திருக்கிறீர்கள். அதை நம்பித்தான் கிளட்ச் பிளேட் செட், ஸ்பிரிங், கிளட்ச் கேபிள் மூன்றுக்கும் சேர்த்து 1,480 ரூபாய் கட்டினேன். வண்டியின் பெயர், வருடம், என்ஜின் எண் எல்லாம் கொடுத்தேன். கேட்காமலே போட்டோவும் அனுப்பினேன்.

பத்து நாள் கழித்துப் பார்சல் வந்தது. மெக்கானிக் பிரித்தார். உள்ளே பல் பல்லாக ஒரு ரப்பர் பெல்ட், கூட ஆறு உருளைகள். பெல்ட்டை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒட்டியாணம் நல்லாத்தான் இருக்கு சார், கிளட்ச் எங்க?" என்றார். அது 2012-க்குப் பிறகு இங்கே வந்த புது வெஸ்பாவுக்கு உரியது. அந்த வண்டிக்குக் கியரும் இல்லை, கிளட்ச் லீவரும் இல்லை, ஆக்சிலேட்டரைத் திருகினால் போகும். எங்கள் வண்டியில் இடது கைப்பிடியையே திருப்பித்தான் கியர் மாற்ற வேண்டும். இரண்டுக்கும் தகர உடம்பு ஒன்றுதான், முன்சக்கரம் ஒற்றைக் கையில் நிற்பதும் ஒன்றுதான். அதற்காக உள்ளே இருப்பதும் ஒன்றாகிவிடுமா?

சரி, தவறு யாருக்கும் நடக்கும். நிதானமாகத்தான் உங்கள் சேவை எண்ணை அழைத்தேன். இருபது நிமிடம் பாட்டுப் போட்டீர்கள். அதற்குப் பிறகு பேசிய தம்பி சொன்னதை அப்படியே தருகிறேன்: "வெஸ்பாவுக்குக் கிளட்சே கிடையாது சார். வண்டி என்னன்னு நல்லாப் பாத்துட்டு போன் பண்ணுங்க."

முப்பது வருடமாக எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியை நான் நல்லாப் பார்க்க வேண்டுமாம்! வெஸ்பா 1946-ல் இத்தாலியின் பாண்டெடெராவில் பிறந்த வண்டி. அதை வரைந்த கொராடினோ டஸ்கானியோ விமானப் பொறியாளர். மோட்டார் சைக்கிளே பிடிக்காத அந்த மனிதர், காலால் கியர் போடும் தொல்லையே வேண்டாம் என்றுதான் கியரையும் கிளட்சையும் கைப்பிடிக்குக் கொண்டுவந்தார். அப்படிப்பட்ட வண்டிக்குத்தான் கிளட்ச் இல்லை என்கிறார் உங்கள் நிபுணர்! நான் குரலை உயர்த்தியது உண்மைதான். அதற்கு அவர், "இவ்ளோ பழைய வண்டிய வெச்சுக்கிட்டு எதுக்கு சார் கஷ்டப்படுறீங்க, காயலான் கடையில போட்டுடுங்க" என்றார். அப்போது ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வயது 78. ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். இந்த ஒன்றுக்காகவே உங்கள் மேல் வழக்குப் போடலாம்.

இரண்டாவது பார்சலைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அதில் கிளட்ச் பிளேட் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் நான்கு வந்தது. எங்கள் வண்டிக்குக் கார்க் ஒட்டிய பிளேட் மூன்றுதான். அளவும் சேரவில்லை. மெக்கானிக் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "லாம்பிரெட்டாவோடது" என்று கீழே வைத்துவிட்டார். மிலானில் இன்னொசென்டி செய்த வண்டி லாம்பிரெட்டா. குழாய்ச் சட்டத்தில் கட்டியது, என்ஜினிலிருந்து கிளட்சுக்குச் செயின் போகும். வெஸ்பாவில் கிளட்ச் நேராக என்ஜினில் சுழலும் கிராங்க் தண்டின் முனையிலேயே உட்கார்ந்திருக்கும். இரண்டும் இத்தாலி என்பதைத் தவிர என்ன உறவு?

இப்போது கோவை. அதை நினைத்தால் எழுதவே கை நடுங்குகிறது. "வண்டியை நேரில் கொண்டுவாருங்கள், பார்த்தே மாட்டித் தருகிறோம்" என்று சொன்னது உங்கள் ஆட்கள்தான், நான் கேட்கவில்லை. இந்த வண்டியில் பின்சக்கரத்தைக் கழற்றினால்தான் கிளட்ச் மூடியே தெரியும். அதனால் சக்கரமில்லாமல் செங்கல் மேல் நின்ற வண்டிக்குச் சக்கரத்தைத் திரும்ப மாட்டி, குட்டியானை பிடித்து, கயிறு கட்டி, 150 கிலோமீட்டருக்கு மேல் வந்தேன். வாடகை மட்டும் 4,500. வந்து பார்த்தால் கிடங்கு பூட்டு! சரக்கு கணக்கெடுப்பாம், இரண்டு நாள் விடுமுறையாம். முந்தின நாள் மாலை ஐந்து மணிக்குக்கூட "வாங்க சார்" என்று சொன்னவர் போனை எடுக்கவில்லை. வாசலில் இருந்த காவலாளிதான் எனக்கும் டிரைவருக்கும் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். உங்கள் நிறுவனத்தில் எனக்கு மரியாதை கொடுத்த ஒரே ஆள் அவர். அவருக்குச் சம்பளம் கூட்டிக் கொடுங்கள். திரும்பும் வழியில் பழனி தாண்டியதும் கயிறு தளர்ந்து வண்டி சாய்ந்து, இடது பக்க மூடியில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். அப்பாவின் கண்ணில் படக்கூடாதென்று அந்தப் பக்கத்தைச் சுவரோரமாகத் திருப்பி நிறுத்தியிருக்கிறேன்.

நான் சண்டைக்காரன் அல்ல. இன்றுகூட நீங்கள் சரியான பொருளைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளத் தயார். ஆனால் நஷ்டத்தைக் கணக்குப் போட்டால் வாடகை, நான்கு நாள் சம்பளம், தினமும் ஆட்டோ, பெயின்ட் வேலை, அப்பாவின் மன உளைச்சல் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்குக் குறையாது. 1,480 ரூபாய்ப் பொருளுக்கு இரண்டு லட்சமா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், கோவைக்கு இன்னொரு தடவை வர வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஏற்கெனவே பேசிவிட்டேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். மூன்று கார்க் பிளேட், ஸ்பிரிங், கேபிள், எல்லாம் எல்.எம்.எல். என்.வி.க்கு உரியது, பதினைந்து நாளுக்குள் வர வேண்டும். முடியாதென்றால் முழுப் பணத்தையும் குட்டியானை வாடகையையும் திருப்பித் தாருங்கள். அந்தத் தம்பி அப்பாவிடம் போனில் மன்னிப்புக் கேட்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு மேல் அழைக்கச் சொல்லுங்கள், அதற்கு முன் அவர் தூங்குவார்.

பெல்ட்டும் நான்கு பிளேட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். கூரியர் செலவை நான் ஏற்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் (இப்போதைக்கு)

இணைப்பு: இரண்டு பார்சல்களின் போட்டோ, குட்டியானை ரசீது, பூட்டிய கிடங்கின் போட்டோ.