இட்டாசுகே வயலுக்குப் போய் வா

அன்புள்ள கயல்,

ஞாயிற்றுக்கிழமை போனில், உன் தோழி சொன்னதை வைத்து நீ கேட்டதற்கு அன்று சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. “ஜப்பான்காரர்களில் மூன்றில் ஒருவர் ஜோமோன் வம்சமாமே, உண்மையா அம்மா?” என்றாய். ஜோமோன் என்றால் நெல் வருவதற்கு முன்பே ஜப்பானில் வாழ்ந்த பழைய மக்கள். முப்பது வருடம் பள்ளியில் உயிரியல் நடத்தியவளுக்கு அந்தக் கேள்வி இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

ஜப்பானிய ஆண்களின், அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமைச் சோதித்தால், ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் டி என்னும் வம்சக் கிளை இருக்கிறது. பக்கத்துக் கொரியாவில் அது மிக அரிது. தெற்குத் தீவான ஒகினாவாவில் ஏறக்குறைய பாதிப் பேரிடம். வட ஜப்பானின் பழங்குடிகளான ஐனு மக்களில், சோதித்தது கொஞ்சம் பேரைத்தான் என்றாலும், பெரும்பாலோரிடம். ஜோமோன் கால எலும்புகளிலும் கிடைத்திருக்கிறது. ஆக, மண்பானை வனைந்து, வேட்டையாடி, மீன்பிடித்து வாழ்ந்த அந்தப் பழைய மக்களின் தந்தைவழி அது. ஓ என்னும் இன்னொரு கிளையில் ஒரு பெரும்பகுதி, கொரியத் தீபகற்பத்திலிருந்து நெல்லோடு வந்த யாயோய் மக்களுடையது. டி கிளைக்குத் தூரத்துச் சொந்தம் திபெத்திலும், நம் அந்தமானின் ஜாரவா, ஓங்கே மக்களிடமும் உண்டு. அதற்காக ஜப்பானியர் அந்தமானிலிருந்து போனவர்கள் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதே. அவர்கள் பிரிந்து பல பத்தாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன.

சரி, இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒய்யை விட்டுவிட்டு மரபணுத் தொகுதி முழுவதையும் பார்த்தால், ஜப்பானின் பெருந்தீவு மக்களிடம் ஜோமோன் பங்கு 10 முதல் 20 சதவீதம்தான். இரண்டு கணக்கும் சரிதான் கயல். ஒய் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போவது. பத்துத் தலைமுறை மேலே போனால் ஒருவனுக்குக் கணக்குப்படி 1024 மூதாதையர். ஒய் அதில் ஒரே ஒருவரைக் காட்டும். மற்ற 1023 பேரைப் பற்றி மூச்சு விடாது. அதில் அம்மாக்கள் எல்லோரும் அடக்கம். ஒரு வம்சத்தில் சில தலைமுறை ஆண்பிள்ளைகளாகவே பிறந்தால் அதன் ஒய் பெருகிவிடும். பெண்பிள்ளைகளாகவே பிறந்தால் அற்றுப்போகும்.

உன் தாத்தாவையே எடுத்துக்கொள். நாங்கள் மூன்றும் பெண்கள். “வாரிசு இல்லை” என்று உறவுக்காரர்கள் அவர் காதுபடவே சொன்னார்கள். எனக்கு அது இன்றும் ஆறவில்லை. உன் மரபணுவில் கிட்டத்தட்ட கால்வாசி அவருடையது. எந்த ஒய் சோதனையாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் உன் தோழியிடம், “மூன்றில் ஒரு ஆணின் தந்தைவழி மட்டும் ஜோமோன்” என்று திருத்திச் சொல்.

அப்புறம், நீ இருக்கும் ஃபுகுவோகாவிலேயே இட்டாசுகே இருக்கிறது. ஜப்பானின் மிகப் பழைய நெல்வயல்களில் ஒன்று. அந்த வயல் சேற்றில் யாயோய் மக்களின் காலடித் தடங்கள் அப்படியே பதிந்து கிடந்தன. ஒரு லீவு நாளில் போய்ப் பார். சேற்றில் இறங்கிய கால்களில் பெண்களுடையதும் இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சின்னத் தடம் ஏதாவது கண்ணில் பட்டால் போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா