சின்னவன் கேட்ட உப்புக் கேள்வி

அன்பு மகளுக்கு,

வீடியோ காலில் சின்னவன் ஒரு படம் காட்டினானே, வானமும் தரையும் ஒன்றாகத் தெரியும் இடம், அது தென் அமெரிக்காவில் பொலிவியா நாட்டில் இருக்கிற சலார் தே உயுனி என்ற உப்புச் சமவெளி. "பக்கத்துல கடலே இல்லையே தாத்தா, இவ்ளோ உப்பு எப்படி வந்துச்சு?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் நீ "அங்க முன்னாடி கடல் இருந்துச்சுடா" என்று முடித்துவிட்டாய். அது சரியில்லை பாப்பா. அவ்வளவு நல்ல கேள்விக்குச் சரியான பதில் போய்ச் சேரணும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த இடம் ஆண்டிஸ் மலைகளுக்கு நடுவே, சுமார் 3,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழைத் தண்ணீரும் உருகிய பனியும் சுற்றியுள்ள மலைப் பாறைகளில் உள்ள உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும். எல்லா ஊர் ஆறும் இதைத்தான் செய்கிறது, ஆனால் அவை கடலுக்குப் போய்விடும், இங்கே இறங்கின தண்ணீருக்கு வெளியே போக வழியே கிடையாது. அப்படித் தேங்கித் தேங்கி, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் பெரிய ஏரிகள் உண்டாயின. தவுகா என்று ஓர் ஏரிக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வெயிலும் காற்றும் தண்ணீரைக் கொண்டுபோக, உப்பு மட்டும் தங்கிவிட்டது. ஒரு தடவை இல்லை, பலமுறை நிரம்பி வற்றியிருக்கிறது.

அந்த உப்புத் தரைக்கு நடுவில் இன்காவாசி என்று ஒரு தீவு இருக்கிறது, முழுக்க ஆளைவிட உயரமான கள்ளிகள். அதன் பாறைகளில் பவளப்பாறை மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். பார்த்தால் கடல் என்றுதான் தோன்றும், ஆனால் அது அந்தப் பழைய ஏரியில் பாசிகள் கட்டியது.

வாயால் சொன்னால் மட்டும் போதாது, செய்து காட்டு. கறுப்புத் தட்டு ஒன்றில் நல்ல உப்புத் தண்ணீர் கொஞ்சம் ஊற்றி ஜன்னலோரம் வை. முதலில் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும், அப்புறம் நடுவில் குட்டிக் குட்டிச் சதுரக் கற்கள் வரும். அவனே தினமும் போய்ப் பார்க்கட்டும், நீ எதுவும் சொல்லாதே.

அந்த உப்புச் சமவெளியின் பரப்பு 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல், லெபனான் நாடே அதற்குள் அடங்கிவிடும். அத்தனை பெரிய இடத்தில் மேடு பள்ள வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இல்லை. டிசம்பர் முதல் மார்ச் வரை மழை பெய்து மெல்லிசாகத் தண்ணீர் பரவும்போது மேலுப்பு கரைந்து, பிறகு காய்ந்து, மறுபடி மட்டமாகிவிடுகிறது. அவன் காட்டிய, தரை கண்ணாடி மாதிரி வானத்தைக் காட்டும் படம் அந்த மழைக்காலத்தில் எடுத்தது. செயற்கைக்கோள்களின் உயரம் அளக்கும் கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கக்கூட இந்தத் தரையைப் பயன்படுத்துகிறார்கள், இதை அவனிடம் கட்டாயம் சொல், குதிப்பான்.

கோல்சானி என்ற கிராமத்தில் உப்பைச் சுரண்டிச் சின்னச் சின்னக் குவியலாக்கி, நீர் வடிய விட்டுக் காயவைப்பார்கள். முன்பெல்லாம் உப்புக் கட்டிகளை லாமா என்ற ஒட்டக இன விலங்கின் முதுகில் ஏற்றி, பள்ளத்தாக்கு ஊர்களுக்குக் கொண்டுபோய் மக்காச்சோளத்துக்கு மாற்றிக்கொள்வார்களாம்.

இன்னொன்று. உப்புக்கு அடியில் இருக்கும் உவர்நீரில் லித்தியம் ஏராளம், போன் பேட்டரிக்குப் போடுவது. அதை எடுக்கப் போனால் ஏற்கெனவே குறைவான தண்ணீர் என்ன ஆகும் என்று சுற்றியுள்ள ஊர்களில் கினோவா என்ற தானியம் பயிரிடுகிறவர்கள் கவலைப்படுகிறார்கள். சின்னப் பிள்ளைக்கு இது எதற்கு என்று விட்டுவிடாதே, சொன்னால் அவனுக்குப் புரியும்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். தட்டு காய்ந்ததும் போட்டோ அனுப்பு.

அப்பா