குமரன் ஊரில் கொடி கோணலாக வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் பிறந்தால் திருப்பூரில் கொடி வியாபாரம் சூடு பிடித்துவிடும். பனியன் தைக்கிற கைகளே நான்கு நாள் கொடி தைக்கும். ஊர்க்காரர்களுக்கு இது வெறும் சீசன் வேலை அல்ல. 1932 ஜனவரியில் இந்த ஊர்த் தெருவில்தான் போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து சாய்ந்தபோதும் குமரன் கையிலிருந்த கொடியை விடவில்லை. 11ஆம் தேதி அவர் உயிர் பிரிந்தது. சென்னிமலையில் பிறந்தவரை இந்த ஊர் தன் பேரோடு சேர்த்துக்கொண்டது. கொடி காத்தவரின் ஊர் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிற நாம், கொடியைத் தைப்பதிலும் கட்டுவதிலும் இவ்வளவு அசட்டையாக இருக்கலாமா என்பதே என் ஆதங்கம்.

முதலில் ஒரு சின்னக் குறை. பள்ளி நாடகங்களில் குமரன் வேஷம் போடும் பிள்ளையின் கையில் அசோகச் சக்கரக் கொடியைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கொடியை அரசியல் நிர்ணய சபை ஏற்றதே 1947 ஜூலை 22ஆம் தேதிதான். 1931இல் காங்கிரஸ் ஏற்றுக்கொண்ட மூவர்ணத்தில் நடுவே இருந்தது ராட்டை. ஓவிய ஆசிரியருக்கு ராட்டை வரைய ஐந்து நிமிஷம் பிடிக்குமா?

இனி துணி விஷயம். 2021 டிசம்பரில் கொடிச் சட்டத் தொகுப்பைத் திருத்தி, மெஷினில் நெய்ததும் பாலியஸ்டரும் கூடும் என்றார்கள். கைநூல் கதர் மட்டுமே என்ற நிலை மாறியது. அதில் எனக்கு வருத்தமில்லை. எல்லா வீட்டுக்கும் கதர்க்கொடி எட்டாது. ஆனால் எந்தத் துணியும் ஆகும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஆர்டரில் மிஞ்சிய பனியன் துணியில் கொடி வெட்டுகிறார்கள். சிங்கிள் ஜெர்சி என்கிற அந்தப் பின்னல் துணியின் ஓரம் சுருண்டுகொள்ளும் என்பது கட்டிங் மாஸ்டருக்குத் தெரியாததா? காற்று இழுக்க இழுக்க அது ஒரு பக்கமாக நீளும். நனைந்தால் நீளத்தில் ஒரு அளவும் அகலத்தில் ஒரு அளவும் சுருங்கும். நீளத்துக்கும் உயரத்துக்கும் 3:2 என்று இருக்க வேண்டிய கொடி ஒரே மழையில் வேறு வடிவத்துக்குப் போய்விடும். கொடிக்குத் தறித் துணிதான் சரி. அதற்குப் பக்கத்துத் தறி ஊர்களான சோமனூர், பல்லடம் தாண்டிப் போக வேண்டியதுமில்லை.

மூன்று பட்டையும் ஒரே அகலம் என்றதும் மூன்றையும் ஒரே அகலத்தில் வெட்டுவது அடுத்த தப்பு. வீட்டுக்குத் தோதான 900 × 600 மில்லிமீட்டர் கொடியை எடுத்துக்கொள்வோம். தைத்து முடித்தபின் ஒவ்வொரு பட்டையும் 20 சென்டிமீட்டர் நிற்க வேண்டும். வெள்ளைக்கு இரண்டு பக்கமும் இணைப்புத் தையல், ஒவ்வொன்றுக்கும் 1 சென்டிமீட்டர் போகும். காவிக்கும் பச்சைக்கும் ஒரு பக்கம் இணைப்பு, மறுபக்கம் இரண்டு மடிப்பு ஓரத் தையல். ஆக மொத்தம் 3 சென்டிமீட்டர் உள்ளே போய்விடும். எனவே வெள்ளையை 22, மற்ற இரண்டையும் 23 என்று வெட்ட வேண்டும். எல்லாவற்றையும் 22.5 என்று வெட்டினால் வெள்ளை மற்ற இரண்டையும்விட ஒரு சென்டிமீட்டர் பருத்து நிற்கும். தூரத்தில் இருந்து பார்த்தாலே தெரியும்.

இந்த அளவுக் கொடிக்குச் சக்கரத்தின் விட்டம் 185 மில்லிமீட்டர். அதாவது வெள்ளைப் பட்டையில் மேலும் கீழும் முக்கால் சென்டிமீட்டர்தான் மிச்சம். கடையில் கிடைப்பவற்றில் சக்கரம் பொட்டு வைத்தாற்போல் நடுவில் கிடக்கிறது. ஆரங்கள் 24. கால் வட்டத்தில் 6 இருக்கிறதா என்று எண்ணினால் போதும், முழுக்க எண்ண வேண்டாம். சக்கரம் அச்சடிக்கும்போது, கண் பெரிதான ஸ்கிரீன் வலையில் மசியை அள்ளிப் போட்டு இழுத்தால் நடுவில் ஆரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீலக் கட்டியாகிவிடும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மறுபக்கம் வெளிறித் தெரியும். சக்கரம் இரு பக்கமும் ஒன்றுபோல் தெரிய வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 1, முதல் எண்ணே, தேசியக் கொடிக்குத்தான். அந்த எண்ணுக்காவது மரியாதை வேண்டாமா?

சாயம் பற்றிச் சாயப்பட்டறை ஊரில் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனாலும் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியால் காவியிலும் பச்சையிலும் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்தக் கொடி முதல் மழையிலேயே வெள்ளையைக் கெடுத்துவிடும். சாயமிட்டபின் சோப்பு வாஷைச் சுருக்கியதன் பலன் அது.

கட்டும் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிகளில் பெரும்பாலும் கொடியைப் பொட்டலமாக்கி உச்சிக்கு ஏற்றிவைத்து, விருந்தினர் கயிற்றை இழுத்ததும் விரியவிடுகிறோம். ஆண்டுதோறும் மானம் போவது இங்கேதான். விருந்தினர் இழுக்கிறார், இழுக்கிறார், பி.டி. மாஸ்டர் ஓடிவருகிறார், தேசிய கீதத்துக்கு வாய் திறந்த பிள்ளைகள் அப்படியே நிற்கிறார்கள்.

காரணம் பெரும்பாலும் முடிச்சுதான். கொடியின் காவி முனை மேலே போகும் கயிற்றின் நுனியிலும், பச்சை முனை கீழே இழுக்கும் கயிற்றின் நுனியிலும் இருக்க வேண்டும். சுத்தமான மேசையில் கொடியை விரித்து, காவியையும் பச்சையையும் வெள்ளையின் மேல் மடித்து நீளப் பட்டையாக்குங்கள். பிறகு பறக்கும் ஓரத்தில், அதாவது கயிறு கட்டாத ஓரத்தில், தொடங்கிக் கயிற்றுப் பக்கமாக விசிறி மடிப்பாக மடித்து வாருங்கள். பாய் சுருட்டுவதுபோல் சுருட்டினால் காற்றில்லாத காலையில் சுருள் பிரியாது. உள்ளே பூ வைக்க விதி இடம் தருகிறது. ஒரு கைப்பிடி போதும், உலர்ந்த இதழாக இருக்கட்டும். தண்ணீர் தெளித்து வந்த ரோஜா இதழ் துணியோடு ஒட்டிக் கறையும் விடும். கடைசியாகப் பச்சை முனைக் கயிற்றால் பொட்டலத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, கயிற்றை மடித்துக் கண்ணியாக்கி அந்தச் சுற்றுக்குள் இரண்டு விரல் அளவு செருகினால் தீர்ந்தது. நுனியை நுழைத்து முடிச்சுப் போடக் கூடாது. இழுத்தால் கண்ணி உருவிக்கொண்டு வரும், பொட்டலம் பிரியும்.

மடித்துவிட்டால் எது காவி முனை என்று தெரியாமல் தலைகீழாக ஏற்றிவிடுவதும் நடக்கிறது. அடையாளத்துக்குக் கொடியில் பேனாவால் எழுதக் கூடாது. காவி முனைக் கயிற்றில் ஒரு முடிச்சு போட்டு வையுங்கள், கையால் தடவினாலே தெரியும். முந்தின நாளே கப்பிக்கு எண்ணெய் விட்டு ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். பருத்திக் கயிறு நனைந்தால் பருத்துக் கப்பியில் இறுகும். அங்கே நைலான்தான் கைகொடுக்கும். கம்பத்தின் உச்சியில் மாலை கட்டுவது விதிக்கு விரோதம். ஏற்றும்போது விறுவிறுவென்று, இறக்கும்போது நிதானமாக என்பதையும் பலர் மாற்றிச் செய்கிறார்கள்.

வீடுகளில் பகலும் இரவும் கொடி பறக்கலாம் என்று 2022 ஜூலையில் விதியைத் தளர்த்தினார்கள். அப்படியே விட்டுவிடலாம் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். மொட்டை மாடிகளில் நைந்து நூலாகித் தொங்குகிற கொடிகளைப் பார்க்கிறேன். கிழிவது எப்போதும் பறக்கும் ஓரத்தில்தான், காற்று சாட்டைபோல் அடிப்பது அங்கே. கிழிந்ததை வெட்டிவிட்டு மறுபடி ஓரம் அடித்தால் 3:2 போய்விடும், ஆகவே அதற்கு ரிப்பேர் கிடையாது. நைந்த கொடியைத் தனியிடத்தில், முழுமையாக, முடிந்தால் எரித்து, கண்ணியமாக அழிக்க வேண்டும் என்கிறது விதி. பருத்தி சாம்பலாகிவிடும். பாலியஸ்டர் உருகிச் சொட்டும், கரும்புகை கக்கும். அதை மாடியில் வைத்து எரிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணியம் கெடாத வேறு வழிக்கும் விதி இடம் விட்டிருக்கிறது.

கொடி விற்கும் கடைகளே ஆகஸ்ட் 16 காலை வாசலில் ஒரு பெட்டி வைத்து, கொண்டுவருவதை மடித்து வாங்கிக்கொள்ளலாம். மாநகராட்சி அவற்றை வார்டு வாரியாகச் சேகரித்து, குப்பை வண்டியில் கலக்காமல் தனியாக எடுத்துப்போக வேண்டும். 14ஆம் தேதி வீதிவீதியாக வண்டியில் வைத்து விற்க முடிகிறபோது, 16ஆம் தேதி அதே வண்டி திரும்பி வருவதில் என்ன சிரமம்?

இப்படிக்கு,
கொடித் தையல் தொழிலில் உள்ள வாசகர்,
திருப்பூர்