ஊதா நிறக் கையின் வலி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ரோபோக்களுக்காகவும் இரங்கும் மனித மூளையைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். மனிதர், இயந்திரம் என்று நம் மூளை பேதம் பார்ப்பதில்லை என்று அதை முடித்திருந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. முப்பத்திரண்டு வருடம் ஊசி போட்ட நர்ஸ் நான்.

பயிற்சிக் காலத்தில் முதலில் ரப்பர் கையில்தான் ஊசி குத்தப் பழகுவோம். என்னோடு படித்த ஒருத்தி அதில் குத்தும்போதே "ஐயோ" என்று உதட்டைக் கடித்துக்கொள்வாள். ஆனால் முதன்முதலாக ஒரு நோயாளியின் கையில் நரம்பு தேடிய அன்று அவளுக்கு விரல்களெல்லாம் நடுங்கி, ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். இரண்டும் இரக்கம்தான், ஆனால் ஒரே அளவு இல்லை.

கட்டுரையில் சொன்ன ஜெர்மனி ஆய்விலும் இதுதான் தெரிந்தது. 2013இல் டூயிஸ்பர்க்-எஸ்ஸன் பல்கலைக்கழகத்தினர், பிளியோ என்ற டைனோசர் ரோபோவையும் ஒரு மனிதரையும் கொஞ்சுவதையும் கழுத்தை நெரிப்பதையும் காணொளியாகக் காட்டி, பார்த்தவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். கொஞ்சும் காட்சியில் மனிதருக்கும் ரோபோவுக்கும் ஏறக்குறைய ஒரே விதமாக மூளை அசைந்தது. வதைக்கும் காட்சியிலோ மனிதருக்குத்தான் அதிகம் பதறியது. உங்கள் கட்டுரை முதல் பாதியோடு நின்றுவிட்டது. 2015இல் ஜப்பானில், விரலைக் கத்தி வெட்டப்போகும் படங்களைக் காட்டியபோதும் ரோபோ கைக்கு மூளை இரங்கத்தான் செய்தது. ஆனால் அந்த இரக்கம் தொடங்கும் கட்டத்தில், மனிதக் கைக்கு இருந்த வலு அதற்கு இல்லை.

இதையெல்லாம்விட என்னை உலுக்கியது 2010இல் வெளியான இத்தாலி ஆய்வு. ஒருவர் கையில் ஊசி ஏறுவதைப் பார்த்தால், பார்ப்பவரின் கைத்தசையும் தன்னையறியாமல் அடங்கும். தடுப்பூசி அறையில் தாய்மார்கள் தங்கள் கையை இழுத்துக்கொள்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வெள்ளையர், கறுப்பர் இரு தரப்பையும் உட்காரவைத்து இதைச் சோதித்தார்கள். தம் இனத்தவர் கைக்கு இருந்த அந்தப் பதில் மற்ற இனத்தவர் கைக்கு இல்லை. அதேசமயம், உலகில் எங்குமே இல்லாத ஊதா நிறக் கை ஒன்றைக் காட்டியபோது அதற்கு இருந்தது! முன்பின் அறியாத நிறத்தின் மேல் யாருக்கும் எந்த எண்ணமும் இல்லை. பக்கத்து மனிதனைப் பற்றித்தான் முன்கூட்டியே ஏதோ எண்ணி வைத்திருக்கிறோம்.

பிளாட்பாரத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்த ஒரு பெரியவர் என் வார்டில் இருந்தார். கூட யாரும் இல்லை. மூன்று முறை குத்தியும் நரம்பு அகப்படவில்லை; என் கை ஒருமுறைகூடத் தயங்கவில்லை. அடுத்த கட்டிலில் என் மகன் வயதுப் பையன். அவனுக்குப் போடும்போது தயங்கியது. அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை. இந்த ஆய்வைப் படித்த இரவு, அந்தப் பெரியவர் சத்தமில்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டதுதான் கண்ணுக்குள் நின்றது.

ரோபோவுக்கு இரங்குகிறோம் என்பதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அந்த ஊதா நிறக் கையைப் பற்றியும் உங்கள் அறிவியல் பகுதியில் விரிவாக எழுதச் சொல்லுங்கள். அந்த இதழில் ஐம்பது பிரதிகளை என் செலவிலேயே வாங்கி, நர்ஸிங் மாணவிகளுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தஞ்சாவூர்.