தோட்டத்தில் வேலை செய்தவர்களைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தன் தோட்டத்தைப் பறிக்க வந்த அரசின் மேல் வழக்குப் போட்ட ஜிம்பாப்வேயின் வெள்ளைக்கார விவசாயி மைக் காம்ப்பெல் பற்றிய ஆவணப்படத்தைக் குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அன்று ராத்திரியே மகளின் லேப்டாப்பில் படத்தையும் பார்த்தேன். அந்தக் குடும்பத்தின் துணிச்சலைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியதில் ஒரு வரிகூட மிகை இல்லை. காம்ப்பெல் எழுபது வயதைத் தாண்டியவர். 2008 ஜூனில் ஆளுங்கட்சி ஆட்கள் அவரையும் மனைவியையும் மருமகனையும் கடத்திக்கொண்டு போய் அடித்து நொறுக்கினார்கள். அப்புறமும் அவர் வழக்கை விடவில்லை. நிலம் பறிபோனவர் கோர்ட்டுக்குப் போகவே முடியாதபடி 2005-லேயே அந்த நாட்டு அரசியல் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். அதனால்தான் அவர் நமீபியாவின் வின்ட்ஹோக் நகரில் இருந்த தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் தீர்ப்பாயம் வரை போனார். இன்னும் 77 பேர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். 2008 நவம்பரில் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. அதிபர் முகாபேயின் அரசு அதை மதிக்கவில்லை. மறு வருடம் வீடு எரிந்தது. 2011-ல் காம்ப்பெல் இறந்துபோனார்.

ஏழைக் கறுப்பின விவசாயிக்குக் கொடுப்பதாகச் சொல்லி எடுத்த அந்த நிலம், ஆளுங்கட்சியின் மூத்த தலைவரான ஒரு முன்னாள் அமைச்சருக்குத்தான் ஒதுக்கப்பட்டது. இதைப் படம் நன்றாகவே காட்டுகிறது.

ஆனால் நிலம் முதலில் யாரிடமிருந்து போனது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. 1930-ல் வெள்ளையர் அரசு போட்ட நிலப் பங்கீட்டுச் சட்டம், சிறுபான்மையான வெள்ளையருக்கு நாட்டின் பாதி நிலத்தை எழுதிக்கொடுத்தது. 1980-ல் சுதந்திரம் வந்த பிறகும் பத்து வருடத்துக்கு, விற்க மனமுள்ளவரிடம் மட்டுமே அரசு நிலம் வாங்கலாம் என்று லண்டனில் போட்ட ஒப்பந்தம் கையைக் கட்டியிருந்தது. எங்கள் பாட்டா, இருந்த வீட்டடிக்குக்கூடப் பாட்டம், அதாவது குத்தகை, அளந்தவர். பட்டா கைக்கு வந்த அன்று அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து அழுதார் என்று அப்பா சொல்வார். அதனால் நிலம் இழந்தவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. அந்தக் கோபத்தின் பெயரைச் சொல்லி ஒரு கிழவரை அடித்ததைத்தான் ஏற்க முடியவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் என் மனம் போய் நின்றது வேறொரு கூட்டத்திடம். அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள். காம்ப்பெலின் தோட்டத்து ஆட்கள் படத்தில் வருகிறார்கள், அவர்களும் அடிபடுகிறார்கள். ஆனால் கதை அவர்களுடையது இல்லை. 2000-க்குப் பிறகு ஜிம்பாப்வேயில் வெள்ளையரின் பண்ணைகள் கைமாறியபோது லட்சக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் வேலையையும் கூரையையும் இழந்தன. அவர்களில் நிறையப் பேருடைய முன்னோர்கள் மலாவி, மொசாம்பிக், சாம்பியாவிலிருந்து வேலைக்குக் கூட்டிவரப்பட்டவர்கள். அதனாலேயே அவர்களை அந்நியர் என்று ஒதுக்கினார்கள். நிலம் பிரித்துக் கொடுத்தபோது பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்களும் கறுப்பர்கள்தான். அந்த மண்ணில் பிறந்தவர்கள்தான்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பக்கத்து ரப்பர் தோட்ட ஊரான கீரிப்பாறைதான் ஞாபகம் வந்தது. இலங்கையில் 1948-ல் சட்டம் போட்டுக் குடியுரிமையைப் பறித்து, இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்களே, அந்த மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினருக்கு எங்கள் மாவட்டத்து அரசு ரப்பர் தோட்டங்களில்தான் வேலை கிடைத்தது. எங்களுக்குத் தெரிந்த ஓர் அக்கா சின்னப் பிள்ளையாகத் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். முப்பது வருடத்துக்கு மேல் பால்வெட்டு வேலை. விடியும் முன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போவார். கத்தி பட்டையில் ஒரு கோடு இழுக்கும், சிரட்டையில் பால் சொட்டத் தொடங்கும், அதற்குள் அவர் அடுத்த மரத்தில் இருப்பார். வலது கைப் பெருவிரல் இப்போது அவருக்கு நேராக நீளாது. "அங்க கள்ளத்தோணின்னாங்க, இங்க சிலோன்காரின்னாங்க" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். ரிட்டையர் ஆனால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டுமே என்ற கவலையில் அவர் தூங்காத ராத்திரிகள் எனக்குத் தெரியும். சொந்தமாக மூன்று சென்ட் வாங்க, மரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலைப் பொறுக்கி விற்பதுபோலச் சிறுகச் சிறுகக் காசு சேர்த்தார்.

படத்தில் காம்ப்பெலிடம் கிரயப் பத்திரம் இருந்தது, நிலத்தை எடுக்க வந்தவரிடம் அரசு உத்தரவு இருந்தது. மரத்துக்குத் தண்ணீர் விட்டவனிடம் காட்ட ஒரு காகிதமும் இல்லை. நிலம், இனம் என்று எந்த நாட்டைப் பற்றி எழுதினாலும் இவர்களுக்கு நாலு பத்தியாவது ஒதுக்கச் சொல்லி உங்கள் கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. கப்பலில் வந்ததை நேரில் சொல்லக்கூடியவர்கள் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒரு நிருபரை அனுப்புங்கள். விடியற்காலை வேண்டாம், பால் எடுத்து முடித்து அவர்கள் வீட்டுக்கு வரும் மத்தியான நேரமாக இருக்கட்டும். அந்த அக்கா வீட்டுக்கு நானே கூட்டிப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்